கோல் செய்தவர்களின் ஓய்வு

உதகமண்டலம் மன்றத்தின் பில்லியர்ட்ஸ் அறையில் 1882ஆம் ஆண்டு ஒரு விளையாட்டின் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. ஸ்னூக்கர் என்று இன்று உலகெங்கும் ஆடப்படும் ஆட்டத்திற்கு முறையாக வகுக்கப்பட்ட முதல் விதிகள் அவை. வகுத்தவர் நெவில் சேம்பர்லேன் என்னும் படை அதிகாரி. பின்னாளில் பிரித்தானியப் பிரதமராக இருந்தவர் அல்லர். அதே பெயர் கொண்ட வேறொருவர். 1875இல் ஜபல்பூரில், டெவன்ஷயர் படைப்பிரிவு அதிகாரிகளின் உணவு விடுதியில், வழக்கமான ஆட்டம் சலித்துப்போய் இவர் மேசையில் கூடுதலாகச் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்தார். வுல்விச் படைப்பள்ளியில் முதலாண்டு மாணவர்களைக் கேலியாகச் சுட்டும் சொல் ஸ்னூக்கர். பந்தைத் தவறவிட்ட ஒருவரை அந்தச் சொல்லால் இவர் சீண்ட, அதுவே ஆட்டத்தின் பெயராக நின்றுவிட்டது. பின்னர் சென்னை மாகாணப் படைத்தலைவர் பிரடெரிக் ராபர்ட்ஸின் உதவி அதிகாரியாக இவர் உதகைக்கு வந்தார், விதிகள் சுவரேறின. தாமே இதைக் கண்டுபிடித்தவர் என்பதை 1938இல் 'த ஃபீல்ட்' இதழுக்கு எழுதிய கடிதத்தில் பதிவும் செய்தார்.

ஆக, கண்டுபிடித்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, பெயருக்குக் காரணம் என்ன என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் அந்த அறையில் ஆடியவர்கள் கையில் பிடித்திருந்த கோல்களைச் செய்தவர் யார்? நீலகிரியின் ஈரக்காற்றில் கோல் வளைந்தபோது அதைச் சீர்செய்தவர் யார்? நுனித்தோல் தேய்ந்து உதிர்ந்தபோது புதிதாக ஒட்டி, அரம் வைத்துத் தேய்த்து உருட்டிக் கொடுத்தவர் யார்? விதிகள் மாட்டிய சுவரில் அவருக்கு இடமில்லை.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் புறநானூற்றின் 312ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் போகாது. பொன்முடியார் ஒரு வீரன் உருவாவதற்குப் பொறுப்பான ஐவரின் கடமைகளை அதில் வரிசைப்படுத்துகிறார். தாய், தந்தை, கொல்லன், வேந்தன், கடைசியில் வீரன். வேந்தனுக்கு முன்னால் கொல்லன் நிற்கிறான் என்பது கவனிக்கத்தக்கது. அதே தொகையின் 95ஆம் பாட்டில் ஔவையார் இன்னொரு காட்சியைக் காட்டுகிறார். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் புத்தம்புதிய ஆயுதங்கள் அலங்காரமாக இருக்கின்றன. அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லனின் சிறிய உலைக்கூடத்தில் கிடக்கின்றன. பயன்படும் கருவியின் இருப்பிடம் பாதி நேரம் அதைச் செய்தவனின் பட்டறைதான் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். அறிந்தும், அந்தக் கொல்லர்களில் எவருடைய பெயரையும் அந்த இரு பாட்டுகளும் நமக்குச் சொல்லவில்லை.

இக்கட்டுரை அத்தகைய பட்டறைக்காரர்களைப் பற்றியது. ஒரு குறிப்பிட்ட ஆட்டக்காரனுக்காக, அவன் கையளவுக்கும் வீச்சுக்கும் ஏற்ப, ஒற்றைக் கோலைச் செய்து கொடுத்தவர்கள். அவர்கள் வேலையை நிறுத்தும்போது உண்மையில் நிற்பது எது என்பதே என் கேள்வி.

*

கியூ என்று ஆங்கிலத்தில் வழங்குவதைக் கோல் என்றே சொல்வோம். நம் மொழியில் அது மதிப்பு மிக்க சொல். அரசன் கையில் செங்கோல், வணிகன் கையில் துலாக்கோல், தச்சன் கையில் முழக்கோல், புலவன் கையில் எழுதுகோல், முதுமையின் கையில் ஊன்றுகோல். இவை பலவற்றுக்கும் வளையாமையே முதற்பண்பு. பில்லியர்ட்ஸ் கோலுக்கும் அப்படியே. மேசைமீது உருட்டிப் பார்த்தால் அது தடுமாறாமல் உருள வேண்டும்.

ஆனால் நேராக இருப்பது மட்டும் கோலின் முழு இலக்கணம் அன்று. பூல் ஆட்டத்தின் கோல் ஏறத்தாழ 58 அங்குல நீளம் கொண்டது. எடை பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ். அரைக் கிலோவுக்குச் சற்று மேல். நுனியின் விட்டம் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர். ஸ்னூக்கர் கோலின் நுனி இன்னும் மெலிந்தது, 9 அல்லது 10 மில்லிமீட்டர் இருக்கும். அந்த நுனியில் ஒட்டப்படும் தோல்வில்லையைச் செம்மைப்படுத்தியவர் என்று பிரான்சின் பிரான்சுவா மிங்கோ என்னும் படைத்தலைவரைக் குறிப்பிடுவர். சிறையில் இருந்த காலத்தில் பில்லியர்ட்ஸில் ஆழ்ந்து, 1807இல் வெளியே வந்தபோது பந்தைச் சுழலச் செய்யும் வித்தையோடு வந்தவர் அவர். அந்தத் தோல் வந்த பிறகுதான் கோல் வெறும் தள்ளுகட்டையாக இல்லாமல், பந்தோடு பேசும் கருவியாயிற்று.

கோலுக்கு இரு பகுதிகள். ஆடுபவரின் இடக்கை விரல்களுக்கிடையே ஓடும் முன்பகுதி. வலக்கை பிடிக்கும் அடிப்பகுதி. அமெரிக்கக் கோல்களில் முன்பகுதி மேப்பிள் மரத்தாலும், இங்கிலாந்துக் கோல்களில் பெரும்பாலும் ஆஷ் மரத்தாலும் செய்யப்படுகிறது. மரம் வெட்டி வந்த உடனே கடைந்துவிட முடியாது. சதுரச் சட்டமாக அறுத்து அடுக்கி, ஆண்டுக்கணக்கில் உலர விட வேண்டும். பிறகு கடைசலில் ஏற்றி ஒரு சுற்று மட்டும் கடைந்து, திரும்பவும் மாதக்கணக்கில் தொங்கவிட வேண்டும். ஒவ்வொரு முறை மேல்தோல் நீங்கும்போதும் உள்ளே இறுகியிருந்த இழுவிசை சற்றே தளர்கிறது. மரம் தன் இயல்பான வளைவைக் காட்டிக்கொடுக்கிறது. வளைந்ததை ஒதுக்கிவிட்டு, நிமிர்ந்து நிற்பதை மீண்டும் ஒரு சுற்று கடைய வேண்டும். இப்படிப் பல சுற்றுகளைத் தாண்டி எஞ்சுவதே கோலாகும். அவசரக்காரனுக்கு இந்தத் தொழில் ஆகாது.

அடிப்பகுதியில் எடை மிகுந்த, வண்ணம் செறிந்த மரங்கள் வரும். அங்கேதான் நம் நிலப்பகுதி இந்தக் கதைக்குள் நுழைகிறது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் கருங்காலி, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி ஆகிய இரண்டும் மேல்நாட்டு மரவேலைக்காரர்கள் நெடுங்காலமாக மதித்தவை. முன்மரத்தையும் அடிமரத்தையும் ஆப்பு வடிவில் வெட்டி, இரு கை விரல்களைக் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பசையிட்டு இறுக்குவார்கள். கடைந்து உருளையாக்கும்போது கரிய மரத்தின் கூர்முனைகள் வெளிர்மரத்தின்மேல் தீக்கொழுந்துபோல் எழும்பி நிற்கும். அலங்காரம்போல் தோன்றினாலும் அது வலிமைக்கான இணைப்பு. தமிழில் கருங்காலி என்றால் துரோகி என்றும் பொருள். கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்ட உதவும் மரம் என்பதால் வந்த வசை. இந்தப் பட்டறைகளில் அதே மரம் இன்னொரு மரத்தைத் தாங்கி நின்றது என்பது, அந்த வசைக்கு ஒரு சிறு ஈடு.

*

இத்தொழிலின் வரலாற்றில் அமெரிக்கா தனி இடம் பெறுகிறது. அங்கே பெருநிறுவனம் பிரன்ஸ்விக். மேசை, பந்து, கோல் என எல்லாவற்றையும் ஆலையில் செய்து நாடெங்கும் அனுப்பியது. அந்த ஆலையில் சிறுவயதிலேயே வேலைக்குச் சேர்ந்தவர் சிகாகோவின் ஹெர்மன் ராம்பௌ. ஆலையில் ஆயிரமாயிரமாகக் கோல்கள் பிறப்பதைப் பார்த்த அவர், பின்னர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாகச் செய்து கொடுப்பவராகப் புகழ்பெற்றார். வில்லி மொஸ்கோனி போன்ற பெரும் ஆட்டக்காரர்கள் அவரிடம் கோல் வாங்கினார்கள். முதுமையிலும் அவர் பட்டறையை விட்டு விலகவில்லை.

அவருக்கு அடுத்து வந்து, அவரையும் மிஞ்சிய புகழ் பெற்றவர் ஜார்ஜ் பலபுஷ்கா. 1912இல் ரஷ்யாவில் பிறந்து 1924இல் பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர். நியூயார்க்கில் தச்சு வேலையும் மரப்பொம்மை வேலையும் செய்து வாழ்ந்தவர். வாள் எந்திரத்தில் விரலின் ஒரு பகுதியை இழந்தபோது, அதற்குரிய செயற்கை விரலைத் தாமே செய்து பொருத்திக்கொண்டார் என்பர். கைவேலையின் மீது அவருக்கிருந்த உறவைச் சொல்ல வேறு சான்று வேண்டியதில்லை. 1959இல், வயது நாற்பத்தாறில், நண்பர் ஒருவரோடு சேர்ந்து புரூக்ளினில் ஒரு பூல் விடுதியை வாங்கினார். அங்கே வருகிறவர்களின் பழுதடைந்த கோல்களைச் சரிசெய்யத் தொடங்கினார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு நண்பர்களுக்குப் பரிசாகச் சில கோல்கள் செய்தார். அதிலிருந்து தொடங்கியது அவர் பெயர்.

ஔவையார் காட்டிய உலைக்கூடம் இங்கே திரும்ப வருகிறது. பலபுஷ்கா முதலில் பழுது பார்ப்பவர், பிறகே படைப்பவர். எந்த இடத்தில் கோல் முறிகிறது, எந்த இணைப்பு தளர்கிறது, எந்தக் கை எந்தப் பக்கத்தைத் தேய்க்கிறது என்பதையெல்லாம் உடைந்தவற்றிடமிருந்தே அவர் கற்றார். தொடக்கத்தில் பிரன்ஸ்விக்கின் 'டைட்லிஸ்ட்' கோல்களை வாங்கி, அவற்றின் இணைப்பு மரத்தை மட்டும் எடுத்துத் தம் வழியில் மறுபடி கடைந்தார். பின்னாளில் சிகாகோவின் பர்ட்டன் ஸ்பெய்னிடமும், பென்சில்வேனியாவின் கஸ் சாம்போட்டியிடமும் கடையாத இணைப்பு மரங்களை வாங்கிக்கொண்டார். ஒருவர் செய்த அடிமரம் இன்னொருவர் கையில் கோலாக முடிந்தது. சாம்போட்டியும் பெயர்பெற்ற கோல் செய்பவர்தான். போட்டியாளர்களாக இருந்திருக்க வேண்டியவர்கள் மரத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பலபுஷ்கா 1975இல் இறக்கும்வரை வேலை செய்தார். பதினாறே ஆண்டுகள். அதற்குள் அவர் செய்தவை ஏறத்தாழ ஆயிரம் முதல் ஆயிரத்து இருநூறு கோல்கள் என்று கணிக்கிறார்கள். வயலின் உலகில் ஸ்ட்ராடிவாரியஸ் என்ற பெயருக்கு உள்ள மதிப்பு, பூல் உலகில் இவர் பெயருக்கு உண்டு. 2004இல் அமெரிக்க பில்லியர்ட்ஸ் அமைப்பு தன் புகழ்மன்றத்தில் இவரைச் சேர்த்தது. ஆட்டக்காரர்கள் நிறைந்த அந்தப் பட்டியலில் ஒரு பட்டறைக்காரரின் பெயர் ஏறியது அரிய நிகழ்ச்சி. ஏறுவதற்கு அவர் இறந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது.

*

அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு ஓய்வு என்பது நாட்காட்டியில் குறித்த ஒரு நாள். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58ஆக இருந்து, 2020இல் 59ஆகவும் 2021இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. ஓர் அரசாணையால் பணிக்காலத்தை நீட்டிவிடலாம். கடைசலின் முன் நிற்பவரின் கண்ணுக்கும் விரலுக்கும் அப்படி ஆணையிட முடியாது. அவருக்குப் பிரிவுபசார விழாவும் இல்லை. அப்படியானால் அவர் ஓய்வுபெறும் நாள் எது?

நான் வாழும் சேர்வராயன் மலை மரங்களின் மலை. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்த பிறகு, அதன் நிழலுக்கென்று நட்ட சில்வர் ஓக்கும், முன்பே இருந்த பலாவும் தோட்டங்களில் நிறைந்து நிற்கின்றன. வெள்ளக்கடைப் பக்கம் மரவேலை செய்யும் முதியவர் ஒருவரிடம், எப்போது வேலையை விடப்போகிறீர்கள் ஐயா என்று ஒருமுறை கேட்டேன். அவர் கையிலிருந்த இழைப்புளியை வைக்காமலே, "பலா வாங்கிப் போடறத நிறுத்தி ரெண்டு வருசமாச்சுங்க சார்" என்றார். அப்போதும் அவர் நாள்தோறும் வேலை செய்துகொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் கணக்கில் ஓய்வு தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று வாங்கும் பச்சை மரம் வேலைக்குப் பக்குவப்படச் சில ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகள் தமக்கு இல்லை என்று அவர் தீர்மானித்திருந்தார்.

மரத்தோடு வேலை செய்கிற எல்லோருக்கும் இதுவே ஓய்வின் இலக்கணம் என்று நினைக்கிறேன். கோல் செய்பவர் பரண்மேல் அடுக்கிய சட்டங்கள் அவர் தம் எதிர்காலத்தின்மீது வைத்த நம்பிக்கை. புதுச் சட்டம் ஏறாத நாளில் அவர் மனத்துக்குள் விடைபெற்றுவிடுகிறார். அதன்பின் செய்வதெல்லாம் இருப்பைத் தீர்ப்பது. வெளியே இருக்கும் நமக்கு அது தெரிவதில்லை. கோல் கேட்டுப் பெயர் பதிந்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவருக்கும் தெரிவதில்லை.

புது மரம் ஏறாமற்போவதற்கு வயது மட்டும் காரணம் அன்று. யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1989இல் தடை தீர்மானிக்கப்பட்டது. நுனி வளையத்துக்கும் பதிப்பு வேலைக்கும் தந்தத்தைப் பழகியிருந்த கைகள் வேறு பொருள்களுக்கு மாற வேண்டியதாயிற்று. தடை நியாயமானது, அதில் ஐயமில்லை. 2017இல் ஈட்டி இன மரங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தன. கணினியால் இயங்கும் கடைசல்கள் மனிதக் கைக்கு எட்டாத துல்லியத்தோடு பதிப்புக்குழிகளை வெட்டத் தொடங்கின. மரமே வேண்டாம் என்று கரியிழையால் செய்த முன்பகுதிகளும் வந்துவிட்டன. அவை வளைவதில்லை, மழைக்கு அஞ்சுவதில்லை. ஒரு பக்கம் மரம் அரிதாகிறது, மறுபக்கம் மரத்தின் தேவையே குறைகிறது. நடுவில் நிற்கும் முதிய கைவினைஞர் பரணைப் பார்க்கிறார்.

*

பட்டறை ஓய்ந்தபின் அதிலிருந்த அறிவுக்கு என்ன ஆகிறது? மேலே சொன்ன மூவரின் கதைகளிலேயே மூன்று வழிகள் தெரிகின்றன.

முதல் வழி, பெயர் மட்டும் பிழைப்பது. பலபுஷ்காவுக்குப் பின் அவர் பெயரைப் பயன்படுத்தும் உரிமை விற்கப்பட்டு, வேறு ஆலைகளில் செய்த கோல்கள் அந்தப் பெயரோடு வெளிவந்தன. 1986இல் வெளியான 'த கலர் ஆஃப் மணி' திரைப்படத்தில் பலபுஷ்கா கோல் ஒன்று பெரும் பொக்கிஷமாகக் கைமாறுகிறது. அந்தப் படத்தால் பூல் ஆடாதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்தது. ஆனால் திரையில் நாம் பார்ப்பது அவர் செய்த கோல் அன்று; அவர் பாணியில் அமைந்த ஜாஸ் நிறுவனத்துக் கோல். உண்மையானதைப் படப்பிடிப்பில் பாழாக்க யாரும் துணியவில்லை போலும். பெயர் ஓரிடத்தில், பொருள் ஓரிடத்தில், கை மண்ணுக்குள் என்று மூன்றும் பிரிந்துபோனதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சி இல்லை.

இரண்டாம் வழி, குருதி வழி. சாம்போட்டி 1988இல் இறந்தார். மகன் பாரி அந்தப் பணியைத் தொடர்ந்தார். நமக்கு மிகவும் பழக்கமான வழி இது. தந்தையின் அளவுகளும் அச்சுகளும் மகனுக்குக் கிடைக்கின்றன. தந்தையோடு ஒப்பிடப்படும் சுமையும் கிடைக்கிறது.

மூன்றாம் வழி, தேடி வந்தவனுக்குக் கொடுப்பது. பர்ட்டன் ஸ்பெய்னின் இணைப்பு முறை, அவரிடம் கற்ற ஜோயல் ஹெர்செக் என்பவரிடம் சென்றது. உறவு இல்லை, பிறப்பு இல்லை. விருப்பமும் உழைப்புமே தகுதி. மூன்றினுள் இதுவே எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது. தொழில் பிறப்போடு பிணைக்கப்பட்ட நம் சமூகத்தில், மகன் படித்து வேறு வேலைக்குப் போவது அவனுடைய விடுதலை. அதைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் மகன் விடுதலை பெறும்போது தொழிலும் அழிய வேண்டும் என்பது விதியா? வெளியிலிருந்து ஒருவன் அந்தப் பட்டறைக்குள் நுழைய வழி இல்லாததால்தான் அது விதிபோல் ஆகிவிடுகிறது. பலபுஷ்காவே நாற்பத்தாறு வயதில் வெளியிலிருந்து நுழைந்தவர் என்பதை மறக்க வேண்டாம்.

இங்கே ஒரு எதிர்வாதத்துக்கும் இடம் தர வேண்டும். கோல் செய்பவரின் பெருமையெல்லாம் சேகரிப்பவர்கள் கட்டிய கதை, ஆடத் தெரிந்தவனுக்கு எந்தக் கோலும் போதும் என்பார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் ஹென்றி ஏழு உலகப் பட்டங்களை வென்றது, சிறுவயதில் மலிவாக வாங்கித் தரப்பட்ட ஒரு கோலால். வாதம் அத்தோடு முடிந்திருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். 2003இல் விமானப் பயணத்தில் அந்தக் கோல் சீர்செய்ய முடியாதபடி உடைந்தது. அதன்பின் அவர் இன்னொரு உலகப் பட்டம் வெல்லவில்லை. வயதும் ஒரு காரணம்தான். கோலே முழுக் காரணம் என்று சொல்வது மிகை. ஆயினும் அந்த மலிவான கோலின் இடத்தை நிரப்ப அவர் நாட வேண்டியிருந்தது, தமக்கென்று தனியே செய்து தரும் ஒரு பட்டறையைத்தான். இழந்த கோலின் கனத்தையும் துள்ளலையும் இன்னொரு மரத்தில் தேடித் தருவதற்கு, ஆட்டக்காரன் வாயால் சொல்ல முடியாததை அவன் கையைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் ஒருவர் தேவைப்பட்டார். துல்லியமாகக் கடைவதை எந்திரத்துக்குக் கற்றுத் தந்துவிடலாம். இன்னது வேண்டும் என்று சொல்லத் தெரியாதவனின் தேவையைக் கேட்டுக்கொள்வதுதான் கைவினைஞரின் தனித்தொழில். பட்டறை மூடும்போது நிற்பது அந்தக் கேட்டலே.

*

இந்தக் கேட்டலின் ஆற்றலை அறிய நாம் சிகாகோவரை போக வேண்டியதில்லை. கும்பகோணத்துக்கு அருகில் ஆடுதுறையை ஒட்டிய நரசிங்கம்பேட்டை போதும். அங்கே தலைமுறைகளாக நாகசுரம் கடைகிறார்கள். மரம் ஆச்சா. அதுவும் புதிய மரம் ஆகாது. பல பத்தாண்டுகள் வீடுகளில் தூணாகவும் உத்தரமாகவும் இருந்து, ஈரமும் பசையும் முற்றும் அடங்கிய பழைய மரமே வேண்டும். மேப்பிள் சட்டத்தைப் பரணில் ஏற்றிக் காத்திருக்கும் பொறுமையை இங்கே பழைய வீடுகள் மேற்கொண்டன. அந்த வீடுகள் இடிந்து காங்கிரீட் எழுந்தபின் இனி உலர்ந்த ஆச்சா எங்கிருந்து வரும் என்பது அவ்வூராரின் கவலை.

முன்னாளில் நாகசுரம் குட்டையானது. திமிரி என்று பெயர். சுருதி உயர்ந்தது. சுத்த மத்திமம் அதில் செம்மையாக நிற்காது. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டும். திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை அந்தக் குறையோடு சமாதானம் செய்துகொள்ளவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காகக் கடைந்து, துளைகளின் இடமாற்றிச் சோதித்து, சுத்த மத்திமம் ஒழுங்காகப் பேசும் நீண்ட பாரி நாகசுரத்தை உருவாக்கித் தந்தார் என்பது இசையுலகம் நன்கறிந்த செய்தி. 1956இல் ராஜரத்தினம் மறைந்தார். அவர் வாசித்த தோடியை இசைத்தட்டுகளில் இன்றும் கேட்கிறோம். அந்தத் தோடிக்குப் பின்னால் ஒரு கடைசலின் ஓசையும் இருக்கிறது என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? ஆசாரி அங்கே கருவி செய்தவர் மட்டும் அல்லர். ஒரு கலைஞனின் காது கேட்டதைத் தம் விரலால் கேட்டவர். அதன்பின் நாகசுரத்தின் ஒலியே மாறியது.

2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழத்தக்க செய்தி. ஆனால் நாம் மேலே கண்ட மூன்று வழிகளில் இது எதைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். குறியீடு காப்பது ஊரின் பெயரை. வேறிடத்தில் செய்ததை அப்பெயரால் விற்க முடியாது என்று அது சொல்கிறது, நல்லது. அந்த ஊரில் கடைவதற்கு ஒரு கை இருக்கும் என்று அது உறுதி தர இயலாது. தொழிலில் நிலைத்திருப்பவை ஒரு சில குடும்பங்களே. பெயர் பத்திரமாக இருக்க, கை ஓய்ந்துபோன பலபுஷ்காவின் நிலை நம் ஊருக்கும் வரலாம்.

*

பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றி இந்தியா எழுதிய வரலாறு சிறியது அன்று. 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். 1984இல் ஓம் அகர்வால் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தைக் கொண்டுவந்தார். மைக்கேல் ஃபெரேரா, கீத் சேத்தி, பங்கஜ் அத்வானி என்று அந்த வரிசை நீண்டது. 2025இல் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டம் பெற்றார். உதகையில் விதி எழுதப்பட்ட ஆட்டம், நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு தமிழகப் பெண்ணின் கையில் வென்றிருக்கிறது. இப்பெயர்களெல்லாம் பதிவில் உள்ளன, இருக்கவும் வேண்டும். இவர்கள் ஒவ்வொருவரின் கோலுக்கும் ஒருமுறையேனும் தோல் ஒட்டிய, இணைப்பை இறுக்கிய ஒருவர் இருந்திருப்பார். அவரை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

கைவினைஞரை எழுதுவதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2020இல் டி. எம். கிருஷ்ணா எழுதி வெளிவந்த 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' மிருதங்கம் செய்பவர்களைத் தேடிச் சென்று எழுதப்பட்ட ஆங்கில நூல். மேடையில் அமர்ந்தவரின் புகழுக்கும், தோலைப் பதப்படுத்தியவரின் பெயரின்மைக்கும் இடையில் சாதி எப்படி நிற்கிறது என்பதை அந்நூல் பேசியது. அத்தகைய நூல்கள் நாகசுரத்துக்கும் வீணைக்கும் மானாமதுரைக் கடத்துக்கும் வர வேண்டும். இசைக்கு வெளியே உள்ள கருவிகளுக்கும் வர வேண்டும். ஏற்றத்துக்கும் தறிக்கும் தேருக்கும் அளவு தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் சொல்லாமலே போய்விட்டார்கள்.

தமிழ்த்துறைகளில் ஆண்டுதோறும் ஆய்வேடுகள் குவிகின்றன. ஒரே நூலை உவமை நயம், சொல்லாட்சி, சமுதாயப் பார்வை என்று மும்முறை அறுக்கிறோம். அவற்றில் பத்தில் ஒன்றை, உள்ளூரில் ஒரு பட்டறைக்காரரின் முன் உட்கார்ந்து எழுதச் சொல்லலாம். அவர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்கள், அளவுக்கு வழங்கும் சொற்கள், மரத்தைத் தட்டிப் பார்த்து என்ன கேட்கிறார், எதைக் கேட்டால் ஒதுக்குகிறார், யாருக்கு எந்த ஆண்டு எதைச் செய்தார், அவர் எப்படிக் குறைசொன்னார், இவர் எப்படி மாற்றினார் என்பவற்றைப் பதியலாம். பேரகராதிகளில் ஏறாத நூறு சொற்களாவது ஒவ்வொரு பட்டறையிலிருந்தும் கிடைக்கும். எழுதிவைத்ததால் கைத்திறன் காப்பாற்றப்பட்டுவிடாது என்பது உண்மை. ஏட்டைப் படித்து யாரும் நாகசுரம் கடைந்துவிட முடியாது. ஆனால் பின்னாளில் வெளியிலிருந்து ஒருவன், நாற்பத்தாறு வயதுக்காரனாகவே இருக்கட்டும், இந்த வேலையைக் கற்க வேண்டும் என்று புறப்பட்டால், எந்தக் கதவைத் தட்டுவது என்றாவது அவனுக்குத் தெரியும்.

அதற்குரிய காலம் பட்டறை பூட்டப்பட்ட பிறகு அன்று. பரணில் கடைசியாக ஏறிய மரம் இன்னும் உலர்ந்துகொண்டிருக்கும் இந்தச் சில ஆண்டுகள்தாம். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் பெயரையும் அவர் செய்வதையும் எழுதி அனுப்புங்கள்.